இருபத்தொன்றும் எண்ணறிவும்

சூதில் நாடிழந்த நளன் பாகனாய்த் தேர் செலுத்திச் செல்லும் வழியில், இருதுபன்னன் என்னும் அரசன் தான்றி மரத்தின் காய்களை இறங்கி எண்ணாமலே கணக்கிட்டுக் கூறினான் என்பதும், அவ்வெண்ணறிவை அவனிடம் கற்ற பின்னரே நளன் மீண்டும் ஆடி இழந்தவற்றைப் பெற்றான் என்பதும் நாம் அறிந்த கதை. சூதுக்கும் எண்ணுக்கும் உள்ள உறவைப் பழங்கதை குறிப்பாகச் சொல்லிற்று. அதனைக் கணித முறையால் நிறுவிக் காட்டிய வரலாறு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. அதற்குக் களமாய் அமைந்தது ‘இருபத்தொன்று’ என்றும் ‘பிளாக்ஜாக்’ என்றும் வழங்கும் கடதாசி விளையாட்டு.

இவ்விளையாட்டு பழமை வாய்ந்தது. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸ் 1613இல் வெளியிட்ட கதைகளுள் ஒன்றில் இதனையொத்த ஆட்டமொன்று குறிக்கப்படுகின்றது. பின்னர்ப் பிரான்சிலும் ‘இருபத்தொன்று’ என்ற பொருள்படும் பெயராலேயே இது வழங்கிற்று. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியபோது, அங்கெழுந்த ஆட்ட விடுதிகளில் இது நிலைபெற்றது.

ஆட்டத்தின் விதிகள் எளியன. 2 முதல் 10 வரையுள்ள சீட்டுகளுக்கு அவற்றின் எண்ணே மதிப்பு. படச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் 10. ஏஸுக்கு 1 அல்லது 11. கையிலுள்ள தொகை 21ஐத் தாண்டாமலும், விடுதியின் சார்பிற் சீட்டுப் பகிர்பவரின் தொகையினும் மிகுந்தும் இருத்தல் வேண்டும். பகிர்பவரின் இரு சீட்டுகளுள் ஒன்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அவர் 16 வரை சீட்டெடுத்தே ஆகவேண்டும், 17இல் நிறுத்தவேண்டும். ஆடுபவருக்கோ இக்கட்டுப்பாடு இல்லை. ஆனால் அவரே முதலிற் சீட்டெடுக்க வேண்டியவர். அவர் 21ஐத் தாண்டிவிட்டால், பின்னர்ப் பகிர்பவரும் தாண்டினும், போன பணம் போனதே. விடுதிக்குக் கிடைக்கும் ஆதாயத்தின் வேர் இந்த ஒரு விதியிலேயே இருக்கின்றது.

நெடுங்காலம் ஆடுவோர் ஊகத்தையும் ‘இராசி’யையும் நம்பியே ஆடினர். இந்நிலையை மாற்றியவர்கள் படைவீரர் நால்வர். மேரிலாந்து மாநிலத்தின் அபர்தீன் படைத்துறைச் சோதனைக் களத்திற் பணியாற்றிய போல்ட்வின், கான்ரி, மைசெல், மக்டெர்மட் என்போரே அவர்கள். மின்கணிப்பொறியின் துணையின்றி, மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டே, ஒவ்வொரு கைக்கும் எது தக்க செயல் என்று அவர்கள் கணித்தனர். அம்முடிவுகள் 1956இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கத்தின் இதழில் வெளிவந்தன.

அவர்கள் கண்ட முறையின் உட்கிடை யாது? தன் கையை மட்டும் பாராது, பகிர்பவரின் வெளிச்சீட்டையும் பார்த்து முடிவு செய்க என்பதே. 16 கையிலிருக்க, பகிர்பவர் 7 காட்டினால், தாண்டும் அபாயம் பெரிதாயினும் சீட்டெடுத்தலே நன்று. அவர் 6 காட்டினால் வாளாவிருத்தல் நன்று, ஏனெனில் தாண்டும் இடர் இப்போது அவரைச் சார்கின்றது. இரண்டு எட்டுகள் வந்தாற் பிரித்து இரு கைகளாக ஆடுக. இரண்டு பத்துகளைப் பிரியாதே. இவ்வாறு பிழையின்றி ஆடினும் விடுதிக்கு நூற்றுக்கு 0.62 பங்கு மிஞ்சும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அதாவது, மிகத் திறமையாக ஆடுபவரும் நூறு ரூபாவைப் பணயம் வைத்தாற் சராசரியாக அறுபத்திரண்டு சதத்தை இழப்பார்.

இக்கட்டுரையைப் படித்தவர்களுள் ஒருவர் எட்வர்ட் தோர்ப் என்னும் இளங்கணிதர். ஒரு சீட்டு ஆடப்பட்டு விலகியதும் எஞ்சிய கட்டின் இயல்பு மாறுகின்றது என்பதை அவர் ஊன்றி நோக்கினார். மாசச்சூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தின் ஐ.பி.எம். 704 மின்கணிப்பொறியைக் கொண்டு ஆராய்ந்தபோது, சிறிய சீட்டுகள், சிறப்பாக ஐந்துகள், தீர்ந்த கட்டு ஆடுபவருக்குச் சாதகம் என்றும், பத்துகளும் ஏஸுகளும் தீர்ந்த கட்டு பாதகம் என்றும் தெளிந்தார். சென்றவற்றை எண்ணி நினைவில் வைத்து, சாதகமான வேளையில் மட்டும் பணயத்தை உயர்த்துதலே அவர் வகுத்த வழி. 1961இல் ஆய்வுரையாகவும், 1962இல் நூலாகவும் அது வெளிவந்தது.

விடுதிகள் வாளாவிருக்கவில்லை. 1964இல் லாஸ் வேகாஸ் விடுதிகள் ஆட்ட விதிகளை இறுக்கின. ஆனால் ஆடுவோர் கூட்டம் குறையவே, சில வாரங்களிற் பழைய விதிகளுக்கு மீண்டன. அதன்பின் கையாண்ட வழிகள் நுட்பமானவை: ஒரு கட்டுக்குப் பதில் பல கட்டுகளைக் கலந்தனர், எண்ணுவோரை இனங்கண்டு விலக்கினர், ஆட்டத்தையே புதுவடிவில் அமைத்தனர்.

அப்புதுவடிவங்களுள் இரண்டு கருதத்தக்கன. ஒன்றிற் பகிர்பவரின் இரு சீட்டுகளும் திறந்தே வைக்கப்படும். இது பெருங்கொடை போலத் தோன்றும். ஆயின் தொகை சமமானால் வெற்றி விடுதிக்கே என்பது அதன் மறுபுறம். எனவே பகிர்பவரிடம் 20 இருப்பது தெரிந்தால், இரு பத்துகளாகிய 20ஐக் கையில் வைத்திருப்பவரும் இன்னொரு சீட்டுக் கேட்டே ஆகவேண்டும். ஏஸ் ஒன்றே அவரைக் காக்கும். நின்றாலோ தோல்வி உறுதி. பழைய ஆட்டத்தில் மடமையாகக் கருதப்படும் செயல் இங்கு அறிவாகின்றது.

மற்றொன்று ‘ஸ்பானிய இருபத்தொன்று’ என்பது, 1990களிற் பரவியது. இதிற் கட்டொன்றிலிருந்து நான்கு பத்தெண் சீட்டுகளும் நீக்கப்படுகின்றன. ஐம்பத்திரண்டில் பதினாறாயிருந்த பத்து மதிப்புச் சீட்டுகள் நாற்பத்தெட்டிற் பன்னிரண்டாகின்றன. தோர்ப் எவற்றைச் சாதகமென்று கண்டாரோ, அவற்றையே விடுதி எடுத்துக்கொண்டது. ஈடாக, ஆடுபவரின் 21 எப்போதும் வெல்லும் என்பதோடு, ஐந்து சீட்டுகளிலோ அதற்கு மேலோ 21 சேர்ந்தால் மிகைப்பணமும் தரும். இங்கும் செயல்முறை மாறுகின்றது. 12ஐ வைத்திருப்பவர் ஒரு சீட்டெடுத்தால் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ 31 வீதத்திலிருந்து 25 வீதமாகக் குறைகின்றது. பகிர்பவர் தாண்டுவதும் அருகுகின்றது. ஆதலாற் பழைய ஆட்டத்திற் பகிர்பவர் 4, 5, 6 காட்டும்போது 12இல் நின்றவர், இங்கு 12இல் ஒருபோதும் நிற்றலாகாது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஓராட்டத்தின் சூத்திரத்தை மனனஞ் செய்தவர், விதி மாறிய ஆட்டத்தில் அதனாலேயே கெடுவர். அதன் காரணத்தை உணர்ந்தவரே எவ்விதியிலும் வழி காண்பர். அபர்தீன் வீரர் நால்வரும் உலகுக்கு அளித்தது பணம் ஈட்டும் மந்திரமன்று. நம்பிக்கையின் இடத்திற் கணக்கை வைக்கும் பழக்கமே.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இருதுபன்னன் எண்ணியது ஒரு மரத்தை. எண்ணப்பட்டதை அறிந்து மரம் தன் காய்களை மாற்றிக்கொள்வதில்லை. ஆட்ட விடுதியோ, தான் எண்ணப்படுவதை உணர்ந்ததும் பத்துகளைக் களைந்துவிட்டது. விதியை வகுப்பவரே எதிரில் அமர்ந்து ஆடும் களத்தில், மிகத் தேர்ந்த எண்ணறிவும் சிறிது காலமே செல்லுபடியாகும். அக்களத்தில் இறங்காதிருப்பதும் ஒரு கணக்கேயாம்.