மதரஸாவிலிருந்து சர்வதேசப் பாடசாலை வரை: எங்கட புள்ளைகளின் இங்கிலீசுப் படிப்பு

என்னுடைய மகளின் மகனுக்குப் பதினொரு வயது. கண்டியில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் படிக்கிறான். போன நோன்பில் ஒருநாள் அவனிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. “அப்பா, நோம்பு துறக்க வாங்க, உம்மா கஞ்சி காய்ச்சிட்டாங்க.” தமிழ்தான். ஆனால் அத்தனையும் ஆங்கில எழுத்தில். அன்று இரவு தராவீஹ் முடித்து வந்து, என் வாப்பும்மா வைத்திருந்த அறபுத்தமிழ்க் கிதாபை எடுத்துப் பார்த்தேன். அதுவும் தமிழ்தான், எழுத்து மட்டும் அறபு. தமிழை வேறோர் எழுத்தில் எழுதுவது எங்களுக்குப் புதிய விஷயமல்ல என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு யோசித்தால் அந்தத் தேறுதல் நிற்கவில்லை. அறபுத்தமிழ் எழுதியவர்களுக்குச் சொல்லவேண்டிய மார்க்க விஷயம் முழுவதையும் தமிழில் சொல்ல முடிந்தது. பேரனுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் தமிழ் இருக்கிறது.

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

எங்கட சமூகத்தில் இங்கிலீசுப் படிப்பு என்றதும் சித்திலெப்பையில் தொடங்குவது வழக்கம். 1838இல் கண்டியில் பிறந்த அவர் ஒரு சட்டத்தரணி. மிஷன் பாடசாலைக்குப் புள்ளைகளை அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சிய காலம் அது. அந்த அச்சம் வெறும் மூடத்தனமல்ல. அப்பாடசாலைகளின் நோக்கத்தில் மதமாற்றமும் ஒன்று என்பதை மிஷனரிமாரே மறைக்கவில்லை. சித்திலெப்பை கண்ட வழி, இங்கிலீசை விலக்குவதல்ல, அதை நாமே எங்கட கூரையின் கீழ் படிப்பிப்பது. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி அதையே எழுதிக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில், 1883 ஜனவரியில், ஒறாபி பாஷாவும் அவரது தோழர்கள் ஆறு பேரும் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டுக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். குடும்பம், வேலையாள் என்று ஒரு கூட்டமே வந்தது. இன்றைய பேச்சில் சொன்னால் அவர்களும் வெளிநாட்டவர்தான். இலங்கையில் வெளிநாட்டவரும் உள்ளூரவரும் சேர்ந்து ஒரு பாடசாலையைப் பற்றி யோசித்த கதையை 1957இலிருந்தோ 1982இலிருந்தோ தொடங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. 1884இல் கொழும்பில் சித்திலெப்பை தொடங்கிய பாடசாலை நிலைக்கவில்லை. 1892இல் மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியபோது அவரோடு இருவர் நின்றார்கள். ஒருவர் ஒறாபி பாஷா. மற்றவர் கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார். ஒரு சட்டத்தரணி, ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், தோற்றுப்போன ஓர் இராணுவத் தளபதி. கல்வி அதிகாரி என்று ஒருவரும் இல்லை.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். சித்திலெப்பை இங்கிலீசு வேண்டும் என்றார். ஆனால் அதை எழுதியது தமிழில். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலையும் தமிழிலேயே எழுதினார். தமிழில் வந்த ஆரம்பகால நாவல்களில் அது ஒன்று. கதாநாயகன் எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு இந்தியாவில் வளர்கிற பையன்.

அடுத்த அரை நூற்றாண்டை விரிவாகச் சொல்ல இடமில்லை. 1921இல் ரீ.பி. ஜாயா அதிபராக வந்து ஸாஹிராவைப் பெரிய கல்லூரியாக்கினார். 1948இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் சிவில் சேவைப் பதவியை விட்டு அந்தக் கதிரைக்கு வந்தார். அஸீஸின் ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அதே மனிதர்தான் எங்களுக்குத் தாய்மொழி தமிழ் என்று வாதாடினார், அறபுத்தமிழை ஆராயவேண்டும் என்றார், ‘இலங்கையில் இஸ்லாம்’ நூலைத் தமிழில் எழுதினார். சுயமொழிக் கல்வி வந்தபோது சிங்களவருக்குச் சிங்களம், தமிழருக்குத் தமிழ் என்று முடிவாகிவிட்டது. முஸ்லிம்களுக்கும் பறங்கியருக்கும் மட்டும் மொழியைத் தெரிவுசெய்ய இடம் விட்டார்கள். எங்கட ஆக்களில் பெரும்பாலானோர் தமிழையே எடுத்தார்கள். அதை யாரும் திணிக்கவில்லை.

பிறகு வந்தது 1960. அரசாங்கம் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிராவைக் கட்டி வளர்த்த அதிபரும் அவர்தான். ஒரு ஸாஹிராவைத் தன் கையால் வளர்த்தவரின் காலத்தில் மற்ற ஸாஹிராவை அரசு எடுத்தது. 1961இல் அஸீஸ் அங்கிருந்து விலகினார். இந்த விஷயத்தில் எங்கட வீடுகளுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது. என் வாப்பா அமைச்சர் பக்கம். “கிராமத்துப் புள்ளைக்கும் ஒரு டீச்சர் வரோணும்” என்பார். மாமா அஸீஸ் பக்கம். பெருநாள் சாப்பாட்டிலும் அவர்கள் இருவரும் இதைத்தான் பேசினார்கள். இன்று பார்க்கும்போது வாப்பா சொன்னதில் நியாயம் கூடுதல் என்றே நினைக்கிறேன். முஸ்லிம் பாடசாலைகளும், அவற்றுக்கு முஸ்லிம் ஆசிரியர்களும் பெருகியது அவரால்தான்.

ஆனால் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. அதன்படி 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட புள்ளைகளுக்கு இனிமேல் எவரும் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க முடியாது. அப்படியென்றால் இன்று நகரம் தோறும் இருக்கிற சர்வதேசப் பாடசாலைகள் எப்படி வந்தன? விடை எளிது. சட்டத்தின் கண்ணில் அவை பாடசாலைகளே அல்ல. கம்பனிச் சட்டத்தின் கீழ் பதியப்பட்ட கம்பனிகள். அரிசி ஆலையும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறது, ஆறாம் வகுப்பும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுப் புள்ளைகளுக்கான பாடசாலை ஒன்று அதற்கு முன்பே இருந்தது. 1957இல் கொழும்பில் தூதரகக் குடும்பங்களையும் வெளிநாட்டு உத்தியோகத்தரையும் மனதில் வைத்துத் தொடங்கியது அது. இன்று கொழும்பு ஓவர்சீஸ் ஸ்கூல் என்று பெயர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் நிலைமை மாறியது. துரித மகாவலித் திட்டத்துக்கு விக்டோரியாவில் பிரித்தானியர், கொத்மலையில் சுவீடன்காரர், ரந்தெனிகலையில் ஜெர்மானியர், மாதுறு ஓயாவில் கனடாக்காரர் வந்தார்கள். குடும்பத்தோடு வருகிறவனுக்குப் புள்ளையைச் சேர்க்க ஒரு வகுப்பு வேண்டும். 1982இல் கொழும்பு இன்ரர்நேஷனல் ஸ்கூல் தொடங்கியது. மருதானை ஸாஹிரா தனிச் சட்டமொன்றின் மூலம் ஆளுநர் சபையொன்றின் கீழ் வந்ததும் அதே 1982இல்தான். வெள்ளைக்காரப் புள்ளைகளுக்குப் பக்கத்து மேசையில் வசதியுள்ள உள்ளூர்ப் புள்ளைகள் உட்கார்ந்தார்கள். மெல்ல மெல்ல வெள்ளைக்காரர் போனார்கள், மேசைகள் நிரம்பின. ‘சர்வதேச’ என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. இன்று பேரனின் வகுப்பில் உள்ள அனைவரும் கண்டி, அக்குறணை, மடவளைப் புள்ளைகள்.

எங்கட ஆக்கள் இதில் இறங்கியதற்குக் காரணங்கள் உண்டு. வளைகுடாவுக்குப் போன வாப்பாமாருக்கு இங்கிலீசின் விலை சம்பளப் பட்டியலில் தெரிந்தது. அரச பாடசாலையில் ஆங்கில மொழிமூலம் 2001 வரை திரும்பி வரவில்லை. நகரங்களில் நல்ல முஸ்லிம் பாடசாலைகளில் இடம் போதாது. பொம்பிளைப் புள்ளைகளுக்கு அபாயாவும் தொழுகை நேரமும் பிரச்சினையில்லாத இடம் வேண்டும். இதைக் கண்டு முஸ்லிம்களே பல சர்வதேசப் பாடசாலைகளை நடத்தத் தொடங்கினார்கள். குர்ஆன், அறபு, லண்டன் பரீட்சை எல்லாம் ஒரே கூரையின் கீழ். சித்திலெப்பை கேட்டதும் கிட்டத்தட்ட இதுதானே என்று ஒரு நிர்வாகி என்னிடம் கேட்டார். நான் உடனே மறுக்கவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி.

மற்றப் பாதிக்காக அந்தப் பாடசாலையின் நேரசூசியைப் பார்த்தேன். கிழமைக்கு அறபு ஐந்து பாடவேளை, சிங்களம் நான்கு, தமிழ் ஒன்று. அதுவும் விரும்பினால் மட்டும். “பேரன்ட்ஸ் கேக்கிறாங்க இல்ல ஹாஜி” என்றார் அவர். அது பொய்யில்லை. என் மகளும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நானும் அவளிடம் சொல்லவில்லை. சிங்களம் தெரியாமல் இந்த நாட்டில் சீவிக்க முடியாது, அறபு இல்லாமல் முடியாது, இங்கிலீசு இல்லாமல் முடியாது. தமிழ் வீட்டில் தானாக வந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தோம். பேச்சு வந்தது, எழுத்து வரவில்லை. ஸாஹிராவைத் தொடங்கியவர்கள் அறபையும் இங்கிலீசையும் தமிழ் என்ற பாயில் இருத்திப் படிப்பித்தார்கள். இப்போது பாயை உருவிவிட்டோம்.

பெருநாள் விடுமுறையில் ‘அசன்பே சரித்திர’த்தை அவனுக்கு உரத்து வாசித்துக் காட்டத் தொடங்கினேன். பழைய நடை. பல சொற்களுக்கு நிறுத்தி விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. சிலதற்கு நானே அகராதி பார்த்தேன். மூன்றாம் நாள் அவன் என்னிடம் கேட்டான், “அப்பா, சின்னதிலேயே களவெடுத்துக்கொண்டு போனா, அசன் மிஸ்ருக்குத் திரும்பிப் போய் உம்மாவோட என்ன பாஷையில பேசுவான்?”

“வாசிச்சுப் பார்ப்போம்” என்றேன். அன்று அஸருக்குப் பிறகு, கொப்பியில் அவனுடைய பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்து ஏழெட்டுத் தரம் எழுதினான்.