மாட்டுத்தோலுக்குள் ஒரு கேமரா

குருவிக் கூட்டைப் படம் பிடிக்க ஒரு மனுஷன் மாட்டுத்தோலுக்குள்ள புகுந்தார்னு சொன்னா நம்புவீங்களா? நிஜமா நடந்த கதைங்க இது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவங்க ரிச்சர்ட் கியர்டன், அவர் தம்பி செர்ரி கியர்டன். 1892-ல் முட்டைகளோட இருந்த ஒரு பறவைக் கூட்டை செர்ரி படமெடுத்தார். 1895-ல் அண்ணன் எழுத, தம்பி எடுத்த படங்களோட பறவைக் கூடுகள் பற்றி ஒரு புத்தகமே வந்தது. அந்தக் காலத்துல பறவை ஆர்வலர்னா பெரும்பாலும் பறவையைச் சுட்டுப் பஞ்சடைக்கிறவர், இல்லேன்னா முட்டை சேகரிக்கிறவர். முட்டையைக் கூட்டிலேயே விட்டுட்டு படத்தை மட்டும் எடுத்துட்டு வரலாம்னு காட்டினதுதான் இவங்க செஞ்ச பெரிய காரியம்.

ஆனா ஒரு சிக்கல். கண்ணாடித் தகடு போடுற அந்தக் கனமான கேமராவை வச்சுக்கிட்டு தூரத்துல இருந்து எடுக்க முடியாது, பக்கத்துல போயே ஆகணும். ஆளைப் பார்த்தா பறவை பறந்துடும். அதுக்குத்தான் உள்ளே குடைஞ்ச மாடு, போலி மரத்தண்டு எல்லாம்!

அப்புறம் துணிக்கூடார மறைவிடம் பரவலாச்சு. அதை ஒரே நாள்ல கூட்டுக்குப் பக்கத்துல நட்டுட முடியாது. தூரத்துல வச்சு, பறவை பழகப் பழக, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தணும். இன்னொரு தந்திரமும் உண்டு. ரெண்டு பேரா கூடாரத்துக்குள்ள போவாங்க, ஒருத்தர் மட்டும் வெளியே வந்து நடையைக் கட்டுவார். ஆள் போயாச்சுன்னு பறவை திரும்பி வந்துடும். எங்க பாஷையில சொன்னா, பறவையோட கவுண்டர்ல ஒரு பக் :-)

கூட்டைக் காக்கிற பறவை சும்மா இருக்காது. எரிக் ஹோஸ்கிங் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் 1937-ல் ஒரு ஆந்தையின் நகம் பட்டு இடது கண்ணையே இழந்தார். அதுக்கப்புறமும் பல வருஷம் பறவைகளைத்தான் படமெடுத்தார்.

ஆனா நிறைய சமயம் நஷ்டம் பறவைக்குத்தான். படம் தெளிவா வரணும்னு கூட்டை மறைக்கிற இலை, கிளையை ஒடிச்சா, குஞ்சு வெயிலுக்கும் காக்காய்க்கும் நேரா மாட்டிக்கும். பறக்கத் தயாராகாத குஞ்சு பயத்துல முன்கூட்டியே குதிச்சுடும். நம்ம ஊர் ஆள்காட்டிக் குருவியைப் பாருங்க. வெட்டவெளித் தரையில முட்டையிடும். வெயில் நேரத்துல முட்டைக்கு நிழல் தந்து நிக்கும், வயித்து இறகைத் தண்ணியில நனைச்சு வந்து குளிர்விக்கும். அது நம்ம தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்துற ஒவ்வொரு நிமிஷமும் முட்டை வெயில்ல வேகுது.

நம்ம சட்டம் இதுல கறார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை'க்குத் தர்ற விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்யறதும் அடக்கம். துப்பாக்கியே வேண்டாம்!

கியர்டன் சகோதரர்களுக்கு மாட்டுத்தோல் தேவைப்பட்டது. இன்னிக்கு நம்மகிட்ட தூரத்துல இருந்தே எடுக்கிற நீள லென்ஸ் இருக்கு. ஆனா அதே கூட்டை நாலு பேருக்குச் சொல்லி, நாப்பது பேர் வந்து நிக்கிறதும் இப்பத்தான் நடக்குது. கூடு இருக்கிற இடத்தை யாருக்கும் சொல்லாதீங்க. பறவை கத்த ஆரம்பிச்சா, படம் கிடைக்கலேன்னாலும் பரவாயில்லை, திரும்பி வந்துடுங்க.