செனையா, இல்லையா?

கொளத்தூரில் வண்ணமீன் வாங்கியவர்களுக்குத் தெரியும், கப்பி விற்பவரிடம் "இது செனையா?" என்று கேட்பது கிட்டத்தட்ட அர்த்தமில்லாத கேள்வி. நான் கேட்டபோது கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையில் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டே, "பொட்டைன்னா செனைதான் சார்" என்றார்.

ஒரே ஒரு பெண்மீன். வீட்டுத் தொட்டியில் ஆண் கிடையாது. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வேலம்பாசிக்குள் கண்ணும் வாலுமாக இருபதுக்கு மேல் குஞ்சுகள். "ஆம்பளையே இல்லாம எப்படிங்க?" என்றாள் மனைவி. கடைக்காரரின் பதிலே போதுமானதுதான். ஆனால் இதே கேள்வியைக் கேட்டு லண்டன் நகரம் ஒருமுறை அமர்க்களப்பட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு, இந்த மீனின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பெயரிலேயே குழப்பம். டிரினிடாட் தீவில் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி, அங்கே பிடித்த சிறு மீன்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். 1866-ல் ஆல்பர்ட் குந்தர் அவர் பெயரையே மீனுக்கு வைத்தார். ஆனால் வெனிசுலாவிலிருந்து வந்த அதே மீனை வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1859-லேயே பெர்லினில் விவரித்துவிட்டார். விதிப்படி பீட்டர்ஸ் வைத்த 'ரெட்டிகுலாட்டா'தான் நிற்கிறது. வலைப்பின்னல் போன்றது என்று பொருள். புழக்கத்தில் மட்டும் கப்பி விடாமல் ஒட்டிக்கொண்டார்.

நம் மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. மாடு கருவுற்றாலும் சினை, மீன் வயிற்றில் இருக்கும் முட்டைக் கொத்தும் சினை. குழம்பில் போடுவது இரண்டாவது. கப்பியிடம் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. முட்டைகள் வயிற்றுக்குள்ளேயே பொரிகிற நிலைவரை வளர்கின்றன, குஞ்சு உயிரோடு வெளியே வந்து உடனே நீந்துகிறது. மாடும் மீனும் சேர்ந்த சினை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், விந்தணுக்களைச் சினைப்பையின் மடிப்புகளில் மாதக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். அடுத்தடுத்த ஈற்றுகளுக்கு ஆணே தேவையில்லை. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹன்னஸ் ஷ்மிட், கப்பியின் முதுகுத்துடுப்பிலுள்ள ஒரு கரும்புள்ளி தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவதை 1920-ல் காட்டினார். (விலாங்கு மீன் எங்கே முட்டையிடுகிறது என்று அட்லாண்டிக் முழுக்க வருஷக்கணக்கில் அலைந்தவரும் இவரேதான். ஒன்று யார் கண்ணுக்கும் படாமல் ஈனுகிறது, இன்னொன்று எல்லார் வீட்டுக் கூடத்திலும்.) 1922-ல் ஓய்விந்த் விங்கே அந்த வேலையை முன்னெடுத்தார். இப்படிப்பட்ட கலப்புச் சோதனைகளில் முதல் தலைவலி, ஆண் தொடாத பெண்ணைக் கண்டுபிடிப்பதுதான். குஞ்சுகளை ஆண், பெண் அடையாளம் முற்றுவதற்குள் பிரித்துவிட வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் கணக்கு முழுக்கச் சந்தேகத்துக்குரியது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஹெலன் ஸ்பர்வே அப்படித்தான் பிரித்து வளர்த்தார். அப்படியும் சில பெண்மீன்கள் குட்டி போட்டன, பெரும்பாலும் மகள்களாகவே. ஆணில்லாப் பிறப்பு இது என்று அவர் எழுதினார். 1955-ல் விஷயம் பத்திரிகைகளுக்குப் போனது. மீனுக்கு நடந்தால் மனுஷிக்கும் நடக்கலாமே என்று ஒரு ஞாயிறு பத்திரிகை, ஆணில்லாமல் பிள்ளை பெற்ற தாய்மார்கள் இருந்தால் முன்வரலாம் என்று அழைத்தது. பெண்கள் வந்தார்கள், மருத்துவர்கள் சோதித்தார்கள். மீனின் வயிற்றைப் பற்றிய கேள்வி எவ்வளவு சீக்கிரம் பெண்ணின் நடத்தையைப் பற்றியதாக மாறிவிடுகிறது, பாருங்கள்! எனக்கு இந்த வரலாற்றில் உறுத்துகிற இடம் இதுதான்.

ஸ்பர்வே தன் முதல் முடிவைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1957-ல் திருத்தி எழுதினார்: அந்த மீன்களில் சில இருபாலினத்தவை, தம்மைத் தாமே கருவுறச் செய்துகொண்டவை. அதே வருஷம் கணவர் ஜே.பி.எஸ். ஹால்டேனுடன் இந்தியா வந்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால் லண்டனில் போலீஸ் நாயின் வாலை மிதித்த வழக்கில் அபராதம் கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போனவர். அம்மாளிடம் எனக்குத் தனி மரியாதை.

ஆக, புதிதாக ஒரு பெண் கப்பியை வாங்கி வருகிறவர் அதைச் சினை என்றே வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. வால்பக்கத் துடுப்புக்குச் சற்று முன்னால் அடிவயிற்றில் ஒரு கரும்பொட்டு தெரியும். நாள் ஆக ஆகப் பொட்டு பெரிதாகிக் கறுக்கும். வயிறு பக்கவாட்டில் சதுரமாகும். கடைசி நாட்களில் உற்றுப் பார்த்தால் குஞ்சுகளின் கண்கள் புள்ளிகளாகத் தெரியலாம். வயிறு ஊதி, செதில்கள் அன்னாசிப் பழத்தோல் மாதிரி சிலிர்த்து நின்றால் அது சினையல்ல, நோய். இரண்டையும் குழப்பிக்கொண்டு நோயாளியைக் கொண்டாடுகிறவர்கள் நிறைய.

பையைத் தொட்டி நீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். போர்த் தண்ணீரின் கடினம் கப்பிக்கு ஒத்துப்போகும். ஈனும் தறுவாயில் அந்தக் குறுகலான பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு அடைப்பதை நான் செய்வதில்லை. ஏற்கெனவே இடம் மாறி மிரண்டிருக்கிற ஜீவன் அது. தொட்டியில் பாசியை அடர்த்தியாகப் போட்டால் போதும். தாய் தன் குஞ்சையே தின்னும், ஆனால் பாசிக்குள் புகுந்தவை தப்பிக்கும். ஆர்டீமியா கிடைக்காவிட்டால் மீன்தீனியை விரல்நுனியில் மாவாக நசுக்கி, ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. மிஞ்சியது தண்ணீரைக் கெடுக்கும்.

குஞ்சுகள் பெருகியதும் ஏரியிலோ கால்வாயிலோ கொட்டுவது நம் ஊரில் சகஜம். கொசுப்புழுவைத் தின்னும் என்று கப்பியை உலகம் முழுக்க நீர்நிலைகளில் விட்டவர்களும் உண்டு. ஆண் துணை எதுவுமில்லாமல் விடப்பட்ட ஒற்றைச் சினைமீனே ஒரு கூட்டத்தை உருவாக்கிவிடுகிறது என்பது டிரினிடாட் மீன்களை வைத்துச் செய்த ஆய்வில் தெரிந்திருக்கிறது. அங்கே உள்ளூர் மீன்கள் என்ன ஆகும் என்று கொட்டுகிறவர் யோசிப்பதில்லை.

அதே தீவின் ஓடைகளில் மரபணுவை வைத்துத் தகப்பன் யார் என்று பார்த்திருக்கிறார்கள். பெண்ணைவிட ஆணுக்கு ஆயுள் குறைவு. செத்துப் பத்து மாதம் ஆன ஆண்களுக்குக்கூட அந்த ஓடைகளில் பிள்ளை பிறந்துகொண்டிருந்தது.