வேலி பயிரை மேய்ந்த வரலாறு

நோயைத் தடுக்கத் தந்த மருந்தே சிலரை முடக்கிய நிகழ்ச்சி மருத்துவ வரலாற்றில் உண்டு. பிரஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காத்தார். நோயுற்ற முயல்களின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்து அது. அதனால் உயிர் பிழைத்தோர் மிகப் பலர். எனினும், சிலருக்கு ஊசி போட்ட பின்னர்க் கைகால்கள் முடங்கின. குற்றம் கிருமியுடையதா, அதனுடன் உட்புகுந்த நரம்புப் பொருளுடையதா என்னும் ஐயம் எழுந்தது.

நியூயார்க் நகரில் ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய தாமஸ் ரிவர்ஸ் இதனை ஆராயப் புகுந்தார். நலமான முயல்களின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குப் பன்முறை செலுத்தினார். கிருமி இல்லாமலே குரங்குகள் முடங்கின. நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறை சிதைந்திருந்தது. இம்முடிவுகள் 1933, 1935ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. உடலைக் காக்கும் படையே மூளையைத் தாக்கக்கூடும் என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது.

தாக்குவது குருதிநீரா, உயிரணுக்களா? 1960இல் பிலிப் பேட்டர்சன், நோயூட்டிய எலிகளின் நிணநீர்க் கணுக்களில் இருந்த அணுக்களை வேறு எலிகளுக்குச் செலுத்தினார், அவையும் நோயுற்றன. 1981இல் பென்-நன், வெகெர்லே, கோஹன் ஆகிய மூவரும், மயலின் புரதத்தை இனங்காணும் டி அணுக்களை மட்டும் வளர்த்துச் செலுத்தி அந்நோயை உண்டாக்கினர். தாக்கும் படை எதுவென்பது ஐயமற விளங்கியது.

இம்மாதிரி நோய், மக்களை வாட்டும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்புநோயை ஆராயத் துணையாயிற்று. இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் செலா, ஆர்னான், டைட்டல்பாம் ஆகியோர் மயலின் புரதத்தைப் போன்ற செயற்கைப் பொருள்களை ஆக்கினர். அவை நோயூட்டும் என்றே எதிர்பார்த்தனர். மாறாக, அவை நோயைத் தடுத்தன! 1971இல் வெளியான அக்கண்டுபிடிப்பின் பயனாக வந்த கிளாட்டிராமர் மருந்துக்கு 1996இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

ஆயினும், விலங்கில் கண்டதெல்லாம் மனிதனுக்குப் பொருந்துவதில்லை. விலங்குகளின் நோயைத் தணித்த வழியில் அமைந்த லெனர்செப்ட் என்னும் மருந்து, நோயாளிகளிடம் நோயை மிகுவித்தது. 1999இல் வெளியான முடிவு இதுவே.

ஆட்டு மூளையிலிருந்து ஆக்கிய வெறிநோய் மருந்து நீலகிரியின் குன்னூரிலும் நெடுங்காலம் செய்யப்பட்டது. அது கைவிடப்பட்டு, ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களிலிருந்து ஆக்கும் மருந்து இன்று வழங்குகிறது. சிலர் முடங்கியதை ஊழ்வினை என்று விட்டுவிடாமல், காரணத்தைத் தேடியதால் விளைந்த நன்மை இது.