ஓடும் பிள்ளையின் கையில் ஜீ.பீ.எஸ்.

ஜீ.பீ.எஸ். அமெரிக்க இராணுவத்துக்காக உருவானது. 1983இல் பாதை விலகிய கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பொதுமக்களும் இதைப் பாவிக்கலாம் என ஜனாதிபதி ரீகன் அறிவித்தார்.

ஆனாலும் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்தார்கள். இடம் 100 மீற்றர் வரை பிழைக்கும். 1999இல் கெசியோவின் ஜீ.பீ.எஸ். கைக்கடிகாரம் வந்தபோதும் நிலைமை அதுதான். 2000 மே மாதம் அதை நிறுத்தினார்கள். 2003இல் ஓட்டக்காரர்களுக்கென்றே கார்மின் 'ஃபோர்ரன்னர்' வந்தது.

தூரம் அறிய முன்பு 400 மீற்றர் மைதானம் வேண்டும். எங்கள் லுணுகலை மலையில் சமதரைக்கு எங்கே போவது? தேயிலை மலைப் பாதையையும் இப்போது அளக்கலாம். கடிகாரம் விலைதான். ஆனால் ஆசிரியர்களே, உங்கள் போனிலும் ஜீ.பீ.எஸ். இருக்கிறது. ஓடும் பிள்ளைக்கு ஒரு பாதையை அளந்து கொடுங்கள்.