ஒரு சனிக்கிழமை இரவும் மூன்று மனிதர்களும்

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை என்று ஒரு பகுதி உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நம்மில் பலர் அதை மறந்துவிட்டோம். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டுப் பாண்டியன் விசாரிக்காமல் உத்தரவு போட்டான் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்த உத்தரவு மன்னன் வாயிலிருந்து கோவலன் கழுத்துக்கு நேராகப் போய்விடவில்லை. நடுவில் காவலர்கள் இருந்தார்கள். இவனைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே என்று அவர்களுக்குச் சந்தேகமும் வந்தது. பொற்கொல்லன் களவு நூலின் நுட்பமெல்லாம் சொல்லி அந்தச் சந்தேகத்தைக் கரைத்தான். கடைசியில் கல்வியறிவில்லாத ஒரு குடிகாரன் வாளை வீசினான். “மன்னா, ஒருமுறை விசாரித்துவிடலாம்” என்று திரும்பிப் போய்ச் சொல்ல ஒருவர்கூட இல்லை. மதுரை எரிந்ததற்குக் காரணம் மன்னனின் தவறு மட்டுமல்ல, நடுவில் இருந்தவர்களின் மௌனமும்தான் என்று எனக்குத் தோன்றும்.

அப்படி நடுவில் இருந்தவர்கள் வாய் திறந்தால் என்ன ஆகும்? அதற்கு ஓர் உதாரணம், 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்தது.

நீதி இலாகா என்பது எது?

முதலில் ஒரு விளக்கம். நம் நாட்டில் அட்டர்னி ஜெனரல் என்றால் அரசுக்காக வாதாடும் தலைமை வழக்கறிஞர், அவ்வளவுதான். அமைச்சரவையில் அவருக்கு இடமில்லை. அமெரிக்காவில் அப்படியல்ல. அங்கே அட்டர்னி ஜெனரல் ஓர் அமைச்சர். 1870-இல் ஏற்பட்ட நீதி இலாகாவுக்கு அவரே தலைவர். எஃப்.பி.ஐ. என்னும் புலனாய்வுத் துறையும் நாடு முழுவதுமுள்ள மத்திய அரசு வழக்கறிஞர்களும் அவருக்குக் கீழே வருவார்கள். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. செனட் சபை ஒப்புதல் தரவேண்டும். ஜனாதிபதி நினைத்தால் அவரை நீக்கவும் முடியும். ஆகவே, ஜனாதிபதி மீதே குற்றம் வந்தால் விசாரிப்பது யார் என்ற கேள்வி அந்த அமைப்பிலேயே ஒளிந்திருக்கிறது. நூறு ஆண்டுகள் கழித்து அது வெளியே வந்தது.

உள்ளிருந்தே அரித்த கரையான்

1972 ஜூன் 17-ஆம் தேதி, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகத்தில், வாட்டர்கேட் என்னும் கட்டடத்தில், ஐந்து பேர் நள்ளிரவில் நுழைந்து பிடிபட்டார்கள். ஆறே நாளில், ஜூன் 23-ஆம் தேதி, சி.ஐ.ஏ.வைக் கொண்டு எஃப்.பி.ஐ.யின் விசாரணையைத் தடுக்க ஜனாதிபதி நிக்சன் சம்மதித்தார். அந்தப் பேச்சு அவருடைய ஒலிநாடாவிலேயே பதிவானது. ஆனால் வெளியே யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் 50 மாநிலங்களில் 49-ஐ அவர் வென்றார்.

இதற்குள் இலாகாவும் கெட்டுப்போயிருந்தது. எஃப்.பி.ஐ.யின் தற்காலிக இயக்குநர் பாட்ரிக் கிரே, விசாரணைக் கோப்புகளை வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ஜான் டீனிடம் கொடுத்துவந்தார். சதியில் சம்பந்தப்பட்ட ஒருவரின் பெட்டகத்திலிருந்து எடுத்துத் தம்மிடம் தரப்பட்ட காகிதங்களை எரித்தும்விட்டார். விஷயம் வெளியானதும் 1973 ஏப்ரலில் பதவி விலகினார். அட்டர்னி ஜெனரலாக இருந்து தேர்தல் பிரசாரத்துக்குத் தலைமை ஏற்கப் போன ஜான் மிட்செல், பின்னால் சிறைக்கே போனார். திருடனைப் பிடிக்கவேண்டிய வீட்டிலேயே திருட்டுக்குத் துணை இருந்தால் ஊர் என்ன செய்யும்?

ஒரு வாக்கு

1973 மே மாதம் எலியட் ரிச்சர்ட்சன் புதிய அட்டர்னி ஜெனரலாக வந்தார். செனட் சபை அவரிடம் ஓர் உறுதி கேட்டது: இந்த வழக்கை விசாரிக்கத் தனியாக ஒரு சிறப்பு வழக்கறிஞரை நியமிக்கவேண்டும், பெரிய முறைகேடு செய்தாலொழிய அவரை நீக்கக் கூடாது. ரிச்சர்ட்சன் சம்மதித்து, தாம் படித்த ஹார்வர்டில் சட்டப் பேராசிரியராக இருந்த ஆர்ச்சிபால்ட் காக்ஸை நியமித்தார்.

ஜூலையில், ஜனாதிபதியின் அறையில் நடக்கும் பேச்செல்லாம் பதிவாகிறது என்ற உண்மை வெளிவந்தது. காக்ஸ் ஒன்பது ஒலிநாடாக்களைக் கேட்டார். நீதிபதி சிரிக்கா கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. நிக்சன் நாடாவைத் தராமல் சுருக்கம் தருகிறேன், ஒரு செனட்டர் கேட்டுச் சரிபார்க்கட்டும் என்று பேரம் பேசினார். காக்ஸ் இணங்கவில்லை. சனிக்கிழமை பகலில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, ஏன் இணங்க முடியாது என்று நிதானமாக விளக்கினார்.

அன்று மாலை நிக்சன், காக்ஸை நீக்கு என்று ரிச்சர்ட்சனுக்கு உத்தரவிட்டார். மத்திய கிழக்கில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சொந்த வாக்குறுதியை நாட்டு நலனுக்கு மேலே வைக்காதே என்றும் ஜனாதிபதி தரப்பில் சொல்லப்பட்டது. ரிச்சர்ட்சன் செனட்டுக்குக் கொடுத்த வாக்கை மீற மறுத்துப் பதவி விலகினார். அடுத்து துணை அட்டர்னி ஜெனரல் வில்லியம் ரக்கல்ஷாஸ். அவரும் மாட்டேன் என்றார். அவர் பதவியும் போயிற்று. மூன்றாவதாக சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் கையெழுத்துப் போட்டார். சிறப்பு வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு எஃப்.பி.ஐ. ஆட்கள் காவல் போட்டார்கள். இதைத்தான் பத்திரிகைகள் ‘சனிக்கிழமை இரவுப் படுகொலை’ என்று எழுதின.

போர்க்கை மட்டும் வில்லனாக்குவது நியாயமல்ல. அவரும் விலகிவிட்டால் இலாகாவை நடத்த ஆளிருக்காது, நீங்கள் இருந்தாகவேண்டும் என்று விலகிய இருவருமே அவரிடம் சொன்னார்கள். அதுவும் ஒரு வாதம்தான். ஆனால் அடுத்த மாதமே ஒரு நீதிபதி அந்த நீக்கம் சட்டவிரோதம் என்றார். 1987-இல் போர்க்கை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்க முயன்றபோது, செனட் 58-க்கு 42 என்று நிராகரித்தது. அதற்கு வேறு காரணங்கள் பல இருந்தன. ஆனாலும் அந்தச் சனிக்கிழமையும் விவாதத்தில் வந்து நின்றது.

மறுப்பு என்ன செய்தது?

காக்ஸ் போய்விட்டார், உத்தரவு நிறைவேறிவிட்டது. அப்படியானால் மறுத்தவர்கள் தோற்றார்களா? இல்லை. அவர்கள் மறுத்ததால்தான் அது ரகசியமாக நடக்கவில்லை. லட்சக்கணக்கில் தந்திகள் வாஷிங்டனுக்குக் குவிந்தன. நிக்சன் நாடாக்களைத் தர ஒப்புக்கொண்டார். நவம்பர் 1-ஆம் தேதி லியோன் ஜவார்ஸ்கி புதிய சிறப்பு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். அவர் இன்னும் பல நாடாக்களைக் கேட்டபோது நிக்சன் மறுபடியும் மறுத்தார். 1974 ஜூலை 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள், அவர்களில் மூவர் நிக்சனே நியமித்தவர்கள், ஒருமனதாக நாடாவைக் கொடு என்றார்கள். ஆகஸ்ட் 9-ஆம் தேதி அவர் பதவி விலகினார்.

பிறகு விதிகள் வந்தன. எஃப்.பி.ஐ. இயக்குநருக்குப் பத்தாண்டுப் பதவிக்காலம் 1976-இல் சட்டமாயிற்று. 1978-இல் சுயேச்சையான சிறப்பு வழக்கறிஞர் சட்டம் வந்தது, 1999-இல் காலாவதியானது.

விதி வந்தால் வியாதி போய்விடுமா? 2006 டிசம்பர் 7-ஆம் தேதி ஒரே நாளில் ஏழு மத்திய அரசு வழக்கறிஞர்கள் விலகச் சொல்லப்பட்டார்கள். அந்தக் கலகத்தில் அட்டர்னி ஜெனரல் கோன்சாலஸ் 2007-இல் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில் நியூயார்க் மேயர் மீதான ஊழல் வழக்கைக் கைவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தபோது, அங்கே தற்காலிகத் தலைமை வழக்கறிஞராக இருந்த டேனியல் சசூன் மறுத்து விலகினார். இன்னும் சிலரும் விலகினார்கள். பேரம் எதுவுமில்லை என்றது இலாகா. ஏப்ரலில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார், ஆனால் மறுபடி தொடர முடியாதபடி. மேயரின் தலைமேல் கத்தியாகத் தொங்கவிட அதை வைத்திருக்கக் கூடாது என்பது அவர் கருத்து.

நம் வீட்டுக் கதை

அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. மேல்நிலை அதிகாரிகளை சி.பி.ஐ. விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற கட்டளையை 1997-இல் நம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2003-இல் அது சட்டமாகத் திரும்பி வந்தது. 2014-இல் மறுபடி ரத்து. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத் திருத்தம் வழியாக வேறு உருவில் வந்தது. 2013-இல் நிலக்கரிச் சுரங்க வழக்கின் விசாரணை அறிக்கை வரைவை சட்ட அமைச்சருக்குக் காட்டியதை, நீதிமன்றம் கேட்டபிறகுதான் சி.பி.ஐ. இயக்குநர் பிரமாணப் பத்திரத்தில் சொன்னார். கூண்டுக் கிளி என்று நீதிமன்றம் வருந்தியது, அமைச்சர் விலகினார். காட்டச் சொன்ன அன்றே ‘மாட்டேன்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் நீதிமன்றத்துக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டிருக்காது.

கடை நடத்துகிறவனுக்கு இது சுலபமாகப் புரியும். முதலாளி சொன்னார் என்று கணக்குப்பிள்ளை இல்லாத செலவைப் பேரேட்டில் ஏற்றினால், அன்றைக்கு இருவருக்கும் சௌகரியம். ஆனால் மறுநாள் முதல் அந்தப் பேரேட்டை முதலாளியே நம்ப முடியாது. மறுக்கிற கணக்குப்பிள்ளை கடைக்கு எதிரியல்ல. அந்தக் கடையில் இன்னும் கணக்கு என்று ஒன்று இருப்பதற்கு அவர்தான் காரணம்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளில் பலர் இன்று சட்டம் படிக்கிறார்கள், தணிக்கையாளர் ஆகிறார்கள், மத்திய அரசுப் பணிக்குப் போகிறார்கள். பதவி கிடைத்ததும் பொன்னாடை போர்த்துகிறோம், நல்லதுதான். அதே பிள்ளை ஒருநாள், மேலே இருந்து வந்த தப்பான உத்தரவை மறுத்து, வேலையை விட்டுவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றால்? “பிழைக்கத் தெரியாதவன்” என்று சொல்லாமல் உள்ளே கூப்பிட்டு இலை போட வேண்டும். ரிச்சர்ட்சன்களுக்கும் குடும்பம் உண்டு.