கிடுகுக் கூரையும் ஆற்றுவாயும்

மட்டக்களப்பு வாவியோரத்தில் மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக வாழ்ந்த தலைமுறைகளை வறுமையின் பேரால் மட்டும் நினைவுகூர்வது அநியாயம். காசில்லாதவர் கட்டிய வீடு என்பது பாதி உண்மைதான்; மறுபாதிக்கு வாவியைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளும் இந்த நீர்ப்பரப்பு கடலோடு சேர்வது பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் மட்டுமே. கோடையில் அந்த வாய்களை மணல் அடைத்துவிடும். கார்த்திகை, மார்கழி மாரியில் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்வெளி வெள்ளம் வாவிக்குள் இறங்கும்; ஆற்றுவாயை வெட்டிவிட்டால்தான் வடியும். இப்படி ஏறியிறங்கும் நீரின் பக்கத்தில் குடியிருந்தவர்கள் மேடு பார்த்து வளவு அமைத்தார்கள். கரையை ஒட்டி எழுந்தது மீன்பிடிக் காலத்துக்குப் போட்டுப் பிரிக்கும் வாடிதான்.

கூரையின் கதையும் நீரோடு சேர்ந்ததே. கிழக்குக் கரையான எழுவான்கரையின் தென்னந்தோப்பு ஓலையைக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பதமானதும் பெண்கள் கிடுகாகப் பின்னுவார்கள். ஒன்றிரண்டு ஆண்டுகளில் அது உக்கும். பழையது தென்னைக்கு எருவாகும், புதியது கூரையேறும். அந்தக் கூரையின் குளிர்ச்சியைப் புகழ்வோர் பலர். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, மரத்தையும் பின்னும் கையையும் வீட்டையும் ஆண்டுதோறும் பிணைத்து வைத்த அந்த வேலைமுறை. இன்று சுற்றுலா விடுதிகளிடம் நாம் எதிர்பார்க்கும் நிலைத்தகைமைக்கு அதுதான் அடிப்படை. ஓலையின் தோற்றம் அல்ல.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியும் 2004 சுனாமியும் இந்த வாதத்தைப் பொய்யாக்கிவிட்டன என்பார்கள். கிடுகு புயலைத் தாங்காது, மெய்தான். ஆனால் அந்தச் சூறாவளியில் ஓடும் தகரமும் பறந்தன. சுனாமியில் கரையோரக் கல்வீடுகளும் இடிந்தன. சுவரின் பலத்தோடு, வீடு எங்கே நிற்கிறது என்பதும் உயிரைத் தீர்மானித்தது. அதனால்தான் சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் 200 மீட்டர் கட்டடத் தடை விதித்தார்கள்; வெகு சீக்கிரம் தளர்த்தியும் விட்டார்கள். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: கல்குடாப் பகுதியில் பவளப்பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்ததும் உள்ளூர் வழக்கந்தானே? ஆம். கரையைக் காத்த பாறையையே அது தின்றது, சட்டம் அதைத் தடுத்தது சரியே. பழையது என்பதற்காக எதையும் ஏற்கத் தேவையில்லை. திரும்ப முளைக்கும் ஓலையையும் திரும்ப வளர யுகமெடுக்கும் பாறையையும் ஒரே தட்டில் வைக்காதிருந்தால் போதும்.

இதே அளவுகோலை விடுதிகளில் வைத்துப் பார்க்கலாம். 1994இல் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வடிவமைப்பில் எழுந்த கந்தளம விடுதி முழுக்கக் கொங்கிரீட். ஆயினும் மலைநீர் அடியில் ஓடி ஏரியைச் சேரும்படி தூண்கள்மேல் நிற்கிறது. கொடிகள் படர்ந்து அதை மூடியிருக்கின்றன. போர் முடிந்த 2009க்குப் பின் பாசிக்குடாவின் ஆழமற்ற குடாவைச் சுற்றி வரிசையாக விடுதிகள் எழுந்தன. சிலவற்றில் கொங்கிரீட்டின்மேல் ஓலை வேய்ந்து வாடியின் சாயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாடியைப் போலத் தோன்றாத கந்தளமதான் வாடியின் நியாயத்துக்கு அதிகம் நெருங்கியது என்பேன். வாவியோரத்தில் இனி விடுதி கேட்டு வருவோரிடம் கூரையின் படத்தை வாங்குமுன், மாரி வெள்ளம் ஏறும் எல்லையை வரைபடத்தில் குறித்துக் காட்டச் சொல்ல வேண்டும்; ஆண்டுதோறும் கிடுகை எந்த ஊர்ப் பெண்களிடம், என்ன விலைக்கு வாங்கப்போகிறார்கள் என்பதையும் எழுதித்தரச் சொல்ல வேண்டும்.